கார் போர்ச்சில் ஒரு லேத்: பயனீட்டாளர் கேள்வி-பதில்

போன மாதம் துணி துவைக்கும் இயந்திரங்களைப் பற்றி எழுதும்போது, "தேய்ந்துபோன புஷ்ஷை (தண்டைத் தாங்கும் வளையம்) வீட்டு லேத்திலேயே கடைந்து போட்டுக்கொண்டேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். லேத் என்பது இரும்புத் தண்டைச் சுழலவிட்டு, டூல் என்ற வெட்டுமுனையால் கடையும் இயந்திரம். துணி இயந்திரத்தைப் பற்றி மேலும் கேட்டவர்கள் 3 பேர். லேத்தைப் பற்றிக் கேட்டவர்கள் 17 பேர். பினாங்கில் இது ஒன்றும் ஆச்சரியமில்லை. 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்த நாளிலிருந்து நம் வீடுகளில் யாராவது ஒருவர் இரும்புத் தூள் வாசனையோடு வேலை முடிந்து வந்துகொண்டுதான் இருக்கிறார். நானும் அங்கே ஒரு டூல் ரூமில் (அச்சும் கருவியும் செய்யும் பட்டறை) 26 வருடம் நின்றவன். அதனால் இந்த மாதம் முழுக்க லேத்துதான். கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிறையில் மூடப்போகும் பட்டறை ஒன்றில் பழைய லேத் விலைக்கு வந்திருக்கிறது. 1,800 வெள்ளி கேட்கிறார்கள். பெயிண்ட் புதிதாக அடித்திருக்கிறது, ஓட்டியும் காட்டினார்கள். எனக்குப் பயிற்சி நிலையத்தில் ஒரு வருடம் லேத் பிடித்த அனுபவம் மட்டும்தான். எதைப் பார்த்து வாங்குவது ஐயா? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: புதுப் பெயிண்ட் என்றதும் எனக்கு உடம்பு கூசியது தம்பி. மூடப்போகும் பட்டறையில் யாராவது மெனக்கெட்டுப் பெயிண்ட் அடிப்பார்களா? விற்பதற்காக அடித்தது அது. குறை இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனால் பெயிண்டுக்குக் கொடுக்கும் காசை விலையில் கழித்துவிடுங்கள்.

போகும்போது கையில் காந்த ஸ்டாண்டோடு ஒரு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுமானி), ஒரு டார்ச், பழந்துணி, ஒரு மைக்ரோமீட்டர், 25 மி.மீ. தடிமனில் ஒரு சாண் நீள இரும்புத் தண்டு இருக்கட்டும். டயல் கேஜை எடுத்து வெளியே வைத்தாலே விற்பவர் பேச்சு மாறும், பாருங்கள்.

முதலில் பெட், அதாவது எல்லாம் உட்கார்ந்து நகரும் நீண்ட இரும்புத் தடம். லேத்தில் முக்கால்வாசி வேலை, தண்டைத் தாடைகளால் கவ்விச் சுழற்றும் சக்குக்குப் பக்கத்தில் ஒரு சாண் தூரத்துக்குள்தான் நடக்கும். அதனால் பெட் அங்கேதான் தேயும். டெயில்ஸ்டாக் (தண்டின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) கோடியில் பெட் கன்னி கழியாமல் இருக்கும். டூலைச் சுமந்து பெட் மேல் நகரும் சாடிலைச் சக் பக்கம் கொண்டுவந்து, ஆட்டம் இல்லாமல் ஆனால் நகரும்படி அதன் கிப் திருகுகளை (இடைவெளியைச் சரிசெய்பவை) இறுக்கச் சொல்லுங்கள். அப்படியே மறு கோடிக்குச் சுழற்றிக்கொண்டு போங்கள். கடைசி வரை ஒரே கனத்தில் நகர்ந்தால் பெட் நல்ல பெட். பாதி வழியில் இறுகி நின்றுவிட்டால், அந்த இறுக்கம்தான் தேய்மானத்தின் அளவு. தேய்ந்த பெட்டைத் திரும்பவும் தேய்த்துச் சமப்படுத்தக் கூலி கொடுத்தால், அந்தக் காசுக்கு இன்னொரு லேத் வந்துவிடும்.

அடுத்து ஸ்பிண்டில், அதாவது சக்கைச் சுழற்றும் அச்சு. தண்டைச் சக்கில் பிடித்து, டயல் கேஜின் முனையைச் சக்குக்குப் பின்னால் ஸ்பிண்டில் மூக்கின் மேல் உட்காரவைத்து, தண்டைக் கையால் மேலே தூக்குங்கள். முள் 0.01, 0.02 மி.மீ. அசைந்து திரும்பினால் வீட்டு வேலைக்குத் தாராளம். 0.05-க்கு மேல் போனால், பேரிங்கை இறுக்கிச் சரிசெய்ய முடியுமா, மாற்றித்தான் ஆக வேண்டுமா என்று தெரியாமல் பணத்தை நீட்டாதீர்கள். பிறகு எல்லா வேகத்திலும் 10 நிமிடமாவது ஓடட்டும். கையை ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டில் இருக்கும் தலைப்பெட்டி) மேல் வைத்துக்கொண்டு நில்லுங்கள். காதை விடக் கை முதலில் சொல்லும்.

புதிதாக வாங்குகிறவர்கள் பயப்படுவது வேறொன்றுக்கு. டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியைத் திருப்பினால் கால் சுற்று சும்மா சுற்றுகிறதே என்று முகம் வாடிவிடும். அது பேக்லாஷ். திருகும் நட்டும் தேய்ந்தது. ஒரு பித்தளை நட்டு மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்தது. கண்ணுக்குத் தெரிகிற நோய் சின்னது, தெரியாத நோய் பெரியது. விலை பேசும்போது மட்டும் அந்தக் கால் சுற்றை நன்றாகச் சுற்றிக் காட்டுங்கள்.

ஓட்டிக் காட்டினார்கள் என்கிறீர்கள். ஃபேன் கூடத்தான் ஓடும். உங்கள் தண்டைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெட்டிய இடத்தில் சக் பக்கம் ஓர் அளவு, வெளிக்கோடியில் ஓர் அளவு எடுங்கள். ஒரு சாணில் பாதியளவு வெளியே நீட்டி, டெயில்ஸ்டாக் பிடிக்காமல், மெல்லிய வெட்டாக எடுத்தால் இரண்டுக்கும் 0.02-க்குள் வித்தியாசம் இருப்பது நல்லது. கூடினால் உடனே கழித்துக்கட்ட வேண்டாம். தரையில் சமமாக உட்காராமல் பெட் முறுக்கிக்கொண்டிருந்தாலும் இப்படி வரும், அதைச் சரிசெய்யலாம்.

சாமான்களை எண்ணுங்கள். சக்கின் உள்தாடை, வெளித்தாடை இரண்டும் உண்டா? தாடைகளில் 1, 2, 3 என்று எண் வெட்டியிருக்கிறதா? நான்கு தாடை சக், ஸ்டெடி (நீளத் தண்டை நடுவில் தாங்குவது), மாற்றுப் பல்சக்கரங்கள் எல்லாம் எங்கே? இவற்றைத் தனித்தனியாகத் தேடி வாங்கினால் 1,800-ஐத் தாண்டிவிடும். அந்த மூலையில் கிடக்கும் எண்ணெய்ப் பிசுக்குப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் வராதீர்கள். பழைய லேத்தின் பாதிச் சொத்து அதில்தான் இருக்கும்.

இன்னும் இரண்டு. மோட்டார் தகட்டில் 415 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அது மூன்று பேஸ், உங்கள் வீட்டுப் பிளக்கில் ஓடாது. பழைய பிரிட்டிஷ் லேத் என்றால் மரை வெட்டும்போது சாடிலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கில் இருக்கும். அதில் மில்லிமீட்டர் மரை வெட்ட 127 பல் சக்கரம் ஒன்று வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ., அதை 5-ஆல் பெருக்கினால் 127. இந்த ஒரு சக்கரம் பெட்டியில் இருந்தால் சத்தம் போடாமல் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: புதிதாக 7 அங்குல மினி லேத் வாங்கி 4 மாதம் ஆகிறது. இரும்பு வெட்டினால் கடகடவென்று அதிர்கிறது, வெட்டிய இடம் மீன் செதில் மாதிரி இருக்கிறது. இணையத்தில் பார்த்து ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன்: டேப்பர் பேரிங், இரும்புப் பல்சக்கரங்கள், 100 மி.மீ. சக், சட்டென்று மாற்றும் டூல்போஸ்ட் (டூலைப் பிடிக்கும் தாங்கி). மொத்தம் 1,400 வெள்ளி வருகிறது. எதை முதலில் வாங்கலாம்? (ஆயர் ஈத்தாம் வாசகர்)

பதில்: பட்டியலைக் கிழிக்க வேண்டாம். மேசை டிராயரில் போட்டு மூடுங்கள். ஒரு சனிக்கிழமை காலையை மட்டும் எனக்குக் கொடுங்கள்.

நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மினி லேத்தும் இப்படித்தான் அதிர்ந்தது. டூல் ரூமில் இத்தனை வருடம் நின்றவனுக்கு வேறு யார் சொல்வது? பேரிங்தான் என்று நானே முடிவு கட்டினேன். இந்த வகை லேத்துகளில் பெரும்பாலும் 6206 என்ற சாதாரண பால் பேரிங் இருக்கும். அதை எடுத்துவிட்டு, குண்டுகளுக்குப் பதில் சாய்ந்த உருளைகள் உள்ள 30206 டேப்பர் பேரிங் போடுவது எல்லாரும் செய்கிற மேம்பாடு. உள்வட்டம் 30, வெளிவட்டம் 62, அளவெல்லாம் பொருந்தும். அகலம்தான் பொருந்தாது. பழையது 16 மி.மீ., புதியது 17.25. அந்த ஒன்றேகால் மில்லிமீட்டருக்காக ஸ்பேசரை (இடைவெளி நிரப்பும் வளையம்) கடைந்து குறைக்க வேண்டும். கடைவதற்கு லேத் வேண்டும். லேத்தோ மேசை மேல் பிரிந்து கிடக்கிறது! பழைய சகா ஒருவர் வீட்டுக்கு ஸ்பேசரைத் தூக்கிக்கொண்டு ஓடி, இரண்டு வாரம் கழித்து எல்லாவற்றையும் பூட்டி ஓட்டினால், அதே கடகடப்பு. ஒரு துளியும் குறையவில்லை.

கோளாறு எங்கே இருந்தது தெரியுமா? சாடிலுக்கு அடியில். பெட்டின் விளிம்பை அடியிலிருந்து பிடித்துக்கொள்ளும் இரண்டு பட்டைத் தகடுகள் சாடிலின் முன்னும் பின்னும் இருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அவை தொளதொளவென்று இருந்திருக்கின்றன. வெட்டும் விசையில் சாடிலே துள்ளிக்கொண்டிருந்தது.

நீங்கள் இப்படிச் சோதியுங்கள். சாடிலும் பெட்டும் சேரும் கோட்டில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள். டூல்போஸ்ட்டை இறுகப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அந்தக் கோட்டில் எண்ணெய் உள்ளே போய் வெளியே வந்து, மூச்சு விடுவது போல் தெரிந்தால் ஆட்டம் அங்கேதான். இதையே கிராஸ் ஸ்லைடின் அடியிலும், அதற்கு மேலே, சாய்வு வெட்டப் பயன்படும் காம்பவுண்டின் அடியிலும் செய்யுங்கள். எது மூச்சு விடுகிறதோ அதைத்தான் கவனிக்க வேண்டும்.

அடித்தகடுகளில் தள்ளும் திருகும் இழுக்கும் திருகும் மாறி மாறி இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பொறுமை வேண்டும். சரிப்படவில்லை என்றால் குளிர்பானக் கேனை வெட்டித் தகடாக்கி இடையில் வையுங்கள். அது சுமார் 0.1 மி.மீ. கனம் இருக்கும், சின்னச் சின்ன இடைவெளிக்கு அதைவிட மலிவான சாமான் கிடையாது. கிராஸ் ஸ்லைடின் பக்கத்தில் வரிசையாக இருக்கும் சின்ன ஆலன் திருகுகள்தான் கிப் திருகுகள். நட்டைத் தளர்த்தி, ஒவ்வொன்றையும் கைப்பிடி கனக்கும் வரை இறுக்கி, மயிரிழை பின்வாங்கி, ஆலன் கீயை அசையாமல் பிடித்துக்கொண்டே நட்டைப் பூட்டுங்கள். பிடிக்காமல் பூட்டினால் திருகும் கூடவே சுற்றிக்கொண்டு போய்விடும். பிறகு, "பின்வாங்கினேனே, திரும்பவும் இறுகிவிட்டதே" என்று எனக்கு எழுதுவீர்கள்.

அடுத்து டூல் முனையின் உயரம். மெல்லிய இரும்பு ஸ்கேலை டூல் முனைக்கும் தண்டுக்கும் நடுவில் நிறுத்தி, கிராஸ் ஸ்லைடால் மெல்ல நெருக்கிப் பிடியுங்கள். ஸ்கேல் நேராக நின்றால் முனை நடு உயரத்தில் இருக்கிறது. ஸ்கேலின் மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. புதியவர்களின் மீன் செதிலில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

வேகமும் பாருங்கள். சாதாரண இரும்பை எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலால் வெட்ட, 8,000-ஐ மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும். 25 மி.மீ. தண்டுக்கு 320. நீங்கள் 1,000-இல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள் என்பது என் ஊகம். தண்டு அதன் விட்டத்தைப் போல் 3 மடங்குக்கு மேல் வெளியே நீட்டியிருந்தால் டெயில்ஸ்டாக்கால் தாங்குங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு டிராயரைத் திறக்கலாம். பட்டியலில் நான் முதலில் டிக் போடுவது டூல்போஸ்ட்டுக்கு. ஒவ்வொரு முறையும் அடியில் தகடு வைத்து உயரம் பார்க்கும் வேலையை அது மிச்சப்படுத்தும். இரும்புப் பல்சக்கரம் வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக் சக்கரம்தான் உங்கள் லேத்தின் ஃபியூஸ். டூல் சிக்கிக்கொண்டால் அது உடைந்து, ஸ்பிண்டிலையும், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின் போர்டையும் காப்பாற்றும். உதிரிக்கு ஒரு பிளாஸ்டிக் சக்கரம் வாங்கி வையுங்கள், போதும். 100 மி.மீ. சக்குக்குப் பதிலாக 80 மி.மீ. நான்கு தாடை சக் வாங்குங்கள். கோணல்மாணலான எதையும் நடுவில் பிடிக்கலாம், டயல் கேஜ் வைத்து 0.01 வரை கொண்டுவரலாம். பேரிங், அது இரைந்தால் மட்டும்.

காசே இல்லாத மேம்பாடு ஒன்றும் உண்டு. சாய்வு வெட்டாத நாட்களில் காம்பவுண்டைக் கழற்றிவிட்டு, அதே உயரத்துக்கு ஒரு கனத்த இரும்புக் கட்டையைப் பூட்டி அதன் மேல் டூல்போஸ்ட்டை வையுங்கள். ஆடுவதற்கு ஓர் இடம் குறைந்துவிடும். வித்தியாசத்தை முதல் வெட்டிலேயே உணர்வீர்கள்.

கேள்வி: என் கணவர் கார் போர்ச்சில் லேத் வைக்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். தரை வீடுதான், ஆனால் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கிறது. வீட்டில் 6 வயதுப் பையன். சம்மதிக்கலாமா? (ஜெலுத்தோங் வாசகி)

பதில்: சம்மதியுங்கள் அம்மா, ஆனால் நிபந்தனையோடு. மினி லேத்தின் சத்தம் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றிப் பிழிவதைவிடப் பெரிதல்ல. மேசையைப் பொதுச்சுவரில் ஒட்டாமல் ஒரு கை தள்ளிப் போடச் சொல்லுங்கள், அதிர்வு சுவர் வழியாகத்தான் போகும். பையன் கைக்கு எட்டாத உயரத்தில் தனி சுவிட்ச், வேலை இல்லாதபோது பிளக் கழற்றியிருக்க வேண்டும். இரும்புச் சுருளைச் செருப்பில்லாமல் மிதித்தால் காலைக் கிழிக்கும், அதனால் பெருக்குவது அவர் வேலை, உங்கள் வேலை அல்ல. இதை எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. தைப்பூசத்துக்குக் கட்டிய கயிறு, மோதிரம், கைச்சங்கிலி, கையுறை எதுவும் லேத் ஓடும்போது கையில் இருக்கக் கூடாது. கையுறை பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். சுற்றுகிற தண்டு கையுறையைப் பிடித்தால் விரலை விடாது. சக் சாவியை சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்ச் போடுகிறவரா என்று ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். அப்படிப்பட்டவர் என்றால் சம்மதத்தைத் திரும்பப் பெறுங்கள்.

கேள்வி: இணையத்தில் மினி லேத் வாங்கினேன். 5 வாரத்தில் மோட்டார் போர்டு கருகிவிட்டது. ஒரு வருட உத்தரவாதம் என்று விளம்பரத்தில் இருந்தது. இப்போது விற்பவர், "அதிகமாக வேலை வாங்கிவிட்டீர்கள்" என்று சொல்லிப் பதிலை நிறுத்திவிட்டார். கடை கோலாலம்பூரிலேயே இருக்கிறது. என்ன செய்யலாம் அண்ணே? (செந்தூல் வாசகர்)

பதில்: கடை நம் நாட்டில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மலாயில் சொன்னால் திரிபூனல் துந்துத்தான் பெங்குனா. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம். கட்டணம் 5 வெள்ளி. 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, பொதுவாக எதிர்த்தரப்பும் வைக்க முடியாது. தீர்ப்பு வந்து 14 நாளில் அதன்படி நடக்காவிட்டால் அது குற்றம்.

ஆனால் லேத் விஷயத்தில் ஒரு வளைவு இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். பொதுவாகச் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்கப்படும் வகையான பொருளை வாங்கியவரைத்தான் அந்தச் சட்டம் பயனீட்டாளர் என்கிறது. வியாபாரத்துக்கோ உற்பத்திக்கோ வாங்கினால் சேராது. "இது தொழிற்சாலை இயந்திரம், இவர் பயனீட்டாளரே அல்ல" என்று விற்பவர் வாதாடப் பார்க்கலாம். அதனால் விளம்பரத்தில் வீட்டுப் பட்டறைக்கு, பொழுதுபோக்குக்கு என்று எங்கேயாவது இருந்தால் இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு அழித்துவிடுவார்கள். ரசீது உங்கள் சொந்தப் பெயரில் இருக்கட்டும். வரி கழிக்கலாம் என்று கம்பெனி பெயரில் ரசீது வாங்கியிருந்தால் உங்கள் வழக்கை நீங்களே பலவீனமாக்கிவிட்டீர்கள். மேலே பிறைப் பட்டறை பற்றிக் கேட்ட தம்பியும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லேத் விற்பதைத் தொழிலாகச் செய்யாதவரிடம் வாங்கிய பழைய சாமானுக்கு இந்த வழி கிடைக்காமல் போகலாம். அங்கே உங்கள் டயல் கேஜ்தான் நடுவர் மன்றம்.

முதலில் விற்பவருக்குத் தேதி போட்டு ஒரு கடிதம்: எப்போது வாங்கினது, எப்போது கருகியது, என்ன வேண்டும் (போர்டா, பணமா), எத்தனை நாளில். வாட்ஸ்அப் போதாது என்பதல்ல, ஆனால் கடிதம் தெளிவாகப் பேசும். பினாங்கில் இருப்பவர்கள் கடிதம் எழுதத் தடுமாறினால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே பேசலாம்.

உத்தரவாதம் பேசி முடியும் வரை போர்டு இருக்கும் பெட்டியைத் திறக்காதீர்கள். முடிந்த பிறகு திறந்து பாருங்கள். போர்டுக்குப் பக்கத்தில் வெள்ளி மாதிரி மினுங்கும் இரும்புத் தூள் கிடந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். சில லேத்துகளில் போர்டு பெட்டிக்கும் பெட்டுக்கும் நடுவில் சரியான மறைப்பே இருக்காது. என் நண்பர் ஒருவர் பழைய நெகிழித் தட்டை வெட்டி மறைப்புக் கட்டினார், அதற்குப் பிறகு போர்டு போகவில்லை.

கேள்வி: பழைய லேத்தில் மூன்று பேஸ் மோட்டார். இன்வெர்ட்டர் போட்டால் வீட்டு மின்சாரத்தில் ஓடும் என்கிறார்களே? (கெப்போங் வாசகர்)

பதில்: ஓடும், நன்றாகவே ஓடும். ஒற்றை பேஸ் 240 வோல்ட் உள்ளே வாங்கி மூன்று பேஸ் 240 வோல்ட் வெளியே கொடுக்கும் விஎஃப்டி (நீங்கள் சொல்லும் இன்வெர்ட்டர்தான்) வேண்டும். ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு 0.75 கிலோவாட். வாங்கும் முன் மோட்டார் தகட்டைப் படியுங்கள். 230 முக்கோணம், 400 ஸ்டார் என்று இரண்டு இணைப்பு முறைகளும் இருந்தால் நல்ல காலம். இணைப்புப் பெட்டிக்குள் பட்டைகளை முக்கோண இணைப்புக்கு மாற்றினால் போதும். ஸ்டாரிலேயே விட்டு ஓட்டினால் மோட்டார் சுற்றும், ஆனால் வெட்டும்போது மூச்சு வாங்கும். 400 மட்டும் என்றால் வேறு மோட்டார் பார்ப்பது சுலபம்.

பழைய சுவிட்சை விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவைக்காதீர்கள். ஓடும்போது அதை அணைத்தால் விஎஃப்டி போய்விடும். நிறுத்துவதும் தொடங்குவதும் விஎஃப்டியின் கட்டுப்பாட்டுக் கம்பி வழியாகவே. வேகத்தைக் குமிழைத் திருகிக் குறைக்கலாம் என்பதற்காகப் பெல்ட்டை மாற்றாமல் இருக்கவும் வேண்டாம். குறைந்த வேகத்தில் மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு ஏறும், வலுவும் கூடாது. சக் மரையில் ஏற்றும் வகை லேத் என்றால் எதிர்ப்பக்கம் ஓட்டும்போதும், பட்டென்று பிரேக் பிடிக்கும்போதும் சக் கழன்று விழலாம். போல்ட்டில் பூட்டும் வகைக்கு அந்தப் பயமில்லை.

வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்) அடிக்கடி விழுந்தால், விஎஃப்டியின் வடிகட்டி எர்த்துக்குக் கசியவிடும் மின்சாரம் காரணமாக இருக்கலாம். எர்த்தைக் கழற்றிவிட்டுப் பாருங்கள் என்று யாராவது சொன்னால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டுத் தனி இணைப்பு இழுங்கள்.

கேள்வி: எண்ணெய் என்ன போடுவது? சமையல் எண்ணெய் மலிவாக இருக்கிறதே. மழைக்காலத்தில் ஒரே துரு. (பாலிக் புலாவ் வாசகர்)

பதில்: செம்பனை எண்ணெயை வெட்டும்போது தடவலாம், வெட்டு நன்றாகவே வரும். ஆனால் அங்கேயே விட்டால் இரண்டு வாரத்தில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எறும்பு வரும். வெட்டி முடித்ததும் துடைக்கிறவராக இருந்தால் போடுங்கள். பெட்டுக்கு, ஸ்லைடுகளுக்கென்றே வரும் ஐஎஸ்ஓ விஜி 68 எண்ணெய். ஸ்பிண்டிலுக்கு லேத்தின் கையேட்டில் சொன்னது. நீல டப்பாவில் வரும் டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், ஆனால் பெட்டுக்கு எண்ணெயாக நிற்காது. பலர் அதையே அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

துருவுக்கு நான் பார்த்த பெரிய காரணம் மழையல்ல, ஆயுத பூசை. பக்தியோடு பெட்டின் மேல் நேராகச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம், சுற்றி விபூதி. சந்தனத்தில் தண்ணீர் இருக்கிறது. மறுநாள் துடைத்தாலும் அந்த வட்டம் மட்டும் பழுப்பாக நிற்கும். விபூதி சாடிலுக்கு அடியில் போனால் அரைக்கும். ஹெட்ஸ்டாக்கின் பெயிண்ட் அடித்த மூடி மேல் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. பெட்டின் மேல் எண்ணெய் தடவிப் பழைய பருத்தித் துணி போர்த்துங்கள். பிளாஸ்டிக் விரிப்பு கூடாது, அடியில் வியர்க்கும்.

கேள்வி: கார்பைடு இன்சர்ட் (கழற்றி மாற்றும் கடின முனை) டூல் செட் வாங்கலாமா, எச்எஸ்எஸ் போதுமா? (பாயான் பாரு வாசகர்)

பதில்: மினி லேத்துக்கு எச்எஸ்எஸ். கார்பைடு வேகமும் கனமான வெட்டும் கேட்கும், உங்கள் லேத்தால் இரண்டையும் முழுதாகக் கொடுக்க முடியாது. தேய்ந்த இன்சர்ட்டை எறிய வேண்டியதுதான், எச்எஸ்எஸ் பிட்டைத் தீட்டிக்கொண்டே இருக்கலாம். இன்சர்ட் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அலுமினியத்துக்கென்று கூர்மையாகத் தீட்டிய வகையைத் தேடுங்கள், சின்ன லேத்தில் இரும்புக்கும் அதுதான் லேசாக வெட்டும். வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்குட்பட்ட இணையச் சாமான்களுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதையும் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

நான் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் காலையிலேயே போய்விடுவேன். சைக்கிள் செயினும் பழைய பூட்டும் கிடக்கும் விரிப்பில் சில நாள் 8 மி.மீ. எச்எஸ்எஸ் பிட் கிடக்கும். விற்பவருக்கு அது ஓர் இரும்புத் துண்டு. டூல் தீட்டும் கிரைண்டரில் உரசிப் பாருங்கள். சாதாரண இரும்பு தீபாவளி மத்தாப்பு மாதிரி வெளிச்சமாகப் பொறி விடும். எச்எஸ்எஸ் மங்கிய சிவப்பில், கொஞ்சமாக, கருகலாகப் பொறி விடும். சந்தையில் கிரைண்டர் இருக்காது, அதனால் ஒரு சின்ன அரத்தைக் கூட எடுத்துப் போங்கள். அரம் கடிக்காமல் வழுக்கினால் வாங்குங்கள். தீட்டும்போது பக்கத்தில் ஒரு டின் தண்ணீர் இருக்கட்டும், பிட்டுக்காக அல்ல, உங்கள் விரலுக்காக.